ஃபங்ஷன் அக்காவும் ஒரு ‘தெரியல’வும்

குற்றாலத்தில் தண்ணீர் ஏன் எப்போது பார்த்தாலும் மேலிருந்து கீழேயே விழுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? புவியீர்ப்பு, மலைச்சரிவு என்று எட்டாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள். கீழிருந்து மேலே போக ஃபங்ஷன் அக்கா அனுமதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் தென்காசிப் பக்கத்தில் அவரைவிடப் பிடிவாதமான ஒன்று உண்டென்றால் அது மேற்குத் தொடர்ச்சி மலை. அதுவும்கூட அடைமழையில் அங்கங்கே கொஞ்சம் சரிந்து கொடுக்கும். அக்காவிடம் அந்தப் பேச்சே கிடையாது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். எங்கள் ஊர் வாசுதேவநல்லூரில் நான் அதை ‘ஐ.டி. கம்பெனி’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதலாளி அண்ணாச்சி முன்பு அதே மாடியில் டைப்பிங் கற்றுக்கொடுத்தவர். ஒருநாள் போர்டில் ‘சென்டர்’ என்பதை அழித்து ‘சொல்யூஷன்ஸ்’ என்று எழுதினார். கம்பெனி ஆகிவிட்டது.

அக்காவுக்கு ஊர் சுரண்டை. வடக்கே ஏதோ பெரிய படிப்பு நிலையத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். செல்போன் திரையையும் கம்ப்யூட்டர் திரையையும் கணக்குப் போடுகிற மாதிரி எழுதுவது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. பாதியில் புரொபசரோடு சண்டை. பெட்டியோடு சுரண்டை. ஏன் சண்டை என்று கேட்டால் அக்கா சொல்லும் பதில் இதுதான்: “அங்கன இருக்கவங்க ஸ்கிரீன் பத்திப் பேப்பர் எழுதுவாங்க, ஒரு ஸ்கிரீன் எழுத மாட்டாங்க. இங்கன நீங்க ஸ்கிரீனா எழுதித் தள்ளுதீங்க, ஒரு நிமிசம் யோசிக்க மாட்டேங்கீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கெடந்து சாவுதேன்.”

நாங்கள் எல்லாம் திரைக்குள் கையை விட்டு நோண்டுகிற கூட்டம். இந்தப் பட்டனைப் பச்சையாக்கு, அந்த எழுத்தை அழி, இதை ஒளித்து வை என்று பொழுதன்னைக்கும் நோண்டுவோம். அக்காவுக்கு நோண்டினால் ஆகாது. உள்ளே தகவல் போகணும், வெளியே முழுத் திரை வரணும், நடுவில் இருப்பதற்குப் பெயர் ஃபங்ஷன். அதே தகவலைக் கொடுத்தால் அதே திரைதான் வரணும். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும், முதலாளி கத்தினாலும் கத்தாவிட்டாலும்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பாடம் ஆரம்பித்துவிட்டது.

“ஏட்டி, அருவில தண்ணி எந்தப் பக்கம் போவுது?”

“கீழ.”

“கீழ நின்னு குளிக்கவன் மேல பாத்து ‘இன்னும் கொஞ்சம் சூடா விடுங்க’ன்னு கத்துனா நடக்குமா?”

“நடக்காது.”

“அப்ப அவன் என்ன செய்யணும்?”

“லாட்ஜுக்குப் போயி ஹீட்டர் போடணும்.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒன்ன எந்தக் காலேஜ்லட்டி பாஸ் போட்டாங்க? மேல மலைக்கு ஒரு சேதி அனுப்பணும். மலை கேட்டுச்சுன்னா, அங்கேருந்து மறுபடி கீழ வரும். நடுவுல எவனும் அருவிக்குள்ள கைய விட்டுத் திருகக் கூடாது. வெளங்குதா?”

விளங்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அருவியைப் பார்க்கும்போதெல்லாம் அது தப்பில்லாமல் ஓடுகிற புரோகிராம் மாதிரியே தெரிகிறது. இது ஒரு வியாதி.

‘ஃபங்ஷன் அக்கா’ என்ற பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நோண்டல் பொறுக்காமல் ஒருநாள் படிக்கட்டு அடியில் இருக்கும் ஆபீஸ் கதவில் கொட்டை எழுத்தில் ஒரு தாளை ஒட்டினார்: ‘இங்கு ஃபங்ஷன் மட்டுமே எழுதப்படும்.’ எங்களுக்கான எச்சரிக்கை அது. ஆனால் கீழே இருப்பது பாத்திரக் கடை. கல்யாணச் சீர், காதுகுத்து, பால்காய்ப்பு என்று சாமான் எடுக்க வருகிற சனம் அத்தனையும் அந்தப் படிக்கட்டைத் தாண்டித்தான் போகணும். மறுநாளே ஒரு மீசைக்கார அண்ணாச்சி கையில் குத்துவிளக்கோடு மேலே ஏறி வந்துவிட்டார்.

“வணக்கம்மா. நம்ம வீட்ல காதுகுத்து ஃபங்ஷன். எழுதணும்.” அவர் கேட்டது பத்திரிகை.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உள்ள என்ன போவுது?”

“உள்ளயா? ஒரு ஐந்நூறு பேரு போவாங்க.”

“வெளிய என்ன வரும்?”

“அதே ஐந்நூறு பேருதான். சாப்ட்டுட்டு, தாம்பூலப் பையோட.”

“அதே ஆளுகள இன்னொரு நாளு உள்ள விட்டாலும், அதே மாதிரிதான் வெளிய வருவாங்களா?”

அண்ணாச்சி நேர்மையான மனிதர். கொஞ்சம் யோசித்தார். “அத எப்படிம்மா சொல்ல முடியும்? எம் மச்சான் ஒருத்தன் இருக்கான். எந்த விசேசத்துலயும் பாதிப் பந்தில கோவிச்சுக்கிட்டு, ஒரு கூட்டத்தையே இழுத்துக்கிட்டுப் போயிருவான்.”

“அப்ப பக்கவெளைவு இருக்கு. இது சுத்தமான ஃபங்ஷன் இல்ல அண்ணாச்சி.”

“சுத்தமில்லையா?” குத்துவிளக்கு மேஜையில் ணங்கென்று இறங்கியது. “ஏம்மா, எங்க ஆக்குப்பறையில வந்து பாத்தியா நீ? யாரு வீட்டு விசேசத்தப் பத்தி என்ன பேசுத?”

பாத்திரக் கடையே மேலே ஏறி வந்துவிட்டது. ஒருவழியாக நான் அவரைச் சமாதானப்படுத்திப் பிரஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். படி இறங்கும்போது அக்கா பின்னாலிருந்து கத்தினார்: “அண்ணாச்சி, அந்த மச்சான வாசல்லயே நிறுத்திருங்க! பக்கவெளைவ எல்லாம் வெளி ஓரத்துல வச்சுக்கிட்டா உள்ள சுத்தமா இருக்கும்!”

நம்பினால் நம்புங்கள், அந்த அண்ணாச்சி அப்படியே செய்திருக்கிறார். மச்சானை மண்டப வாசலில் வரவேற்பில் நிறுத்தி, கையில் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார். வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்துத் தெளித்து அவருக்குக் கோபித்துக்கொள்ள நேரமே கிடைக்கவில்லையாம். விசேஷம் முடிந்து எங்கள் ஆபீஸுக்கு ஒரு தூக்கு நிறையப் பாயசம் வந்தது. ‘ஃபங்ஷன் அக்காவுக்கு’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு தடவை ஆபீஸே சேர்ந்து புளியறைக்குப் பரோட்டா சாப்பிடப் போனோம். இலையில் இரண்டு பரோட்டாவைத் தின்றுவிட்டு அக்கா மூன்றாவது கேட்டார். சப்ளையர் கொண்டுவந்து போடப் போனார். அக்கா இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டார்.

“பழைய இலையில மேல மேல வைக்கக் கூடாது. புது இலை போட்டு, மொதல்லேருந்து எல்லாத்தையும் வைங்க.”

“அக்கா, தடவைக்கு ஒரு இலைன்னா கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்.”

“சரி. புது இலைன்னு மனசுல நெனச்சுக்கிடுங்க. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு பாருங்க. வித்தியாசத்த மட்டும் வைங்க.”

சப்ளையர் இலையைப் பார்த்தார், கையிலிருந்த பரோட்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வித்தியாசம் ஒரு பரோட்டாதான?”

“ஆமா.”

“அதத்தான நான் வைக்க வந்தேன்!”

“வந்தீரு. ஆனா யோசிக்காம வந்தீரு,” என்றார் அக்கா. அதற்கப்புறம் அந்தக் கடையில் எங்கள் மேஜைக்குச் சால்னா கடைசியாகத்தான் வரும்.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அருவிப் பக்கம் வந்து சேர்ந்தது.

குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் சேர்ந்து, எந்த அருவியில் இப்போது குளிக்கலாம், எதில் தடை என்று போனில் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு இணையப் பக்கம் செய்யச் சொல்லியிருந்தார்கள். போன சீசனில் அதை நாங்கள் எங்கள் நோண்டல் முறையில் செய்து கொடுத்தோம். லைட்டை ஒருவன் நோண்டினான், எழுத்தை இன்னொருவன் நோண்டினான். ஒருநாள் மெயின் அருவிக்குச் சிவப்பு லைட், பக்கத்திலேயே ‘குளிக்கலாம்’ என்று எழுத்து. வெளியூர்க்காரர் ஒருவர் துண்டோடு நின்று போலீஸ்காரரிடம் “எழுத்தப் படிங்க சார்” என்கிறார். போலீஸ்காரர் “லைட்டப் பாருய்யா” என்கிறார். இரண்டு பேருமே சரி. அதுதான் வெட்கக்கேடு.

இந்த வருஷம் அக்கா கையில் வேலை வந்தது. “ஒரு அருவி ஒரு நேரத்துல மூணு நெலையில ஒண்ணுலதான் இருக்கும்,” என்றார். “குளிக்கலாம். தடை. தெரியல. நாலாவது கெடையாது. ரெண்டும் கலந்தும் வராது.” மூன்று அருவிக்கரையிலும் நிற்கும் லாட்ஜ் சங்கத்து ஆட்கள் போனில் ஒரு பட்டனைத் தட்டிச் சேதி அனுப்புவார்கள். சிக்னல் இல்லாமல் போய், கடைசிச் சேதி வந்து ரொம்ப நேரமாகிவிட்டால் பக்கம் தானாகவே ‘தெரியல’ என்று மஞ்சளாகிவிடும். முழுத் திரையும் அந்த ஒரே தகவலிலிருந்து பிறக்கும். லைட் ஒன்று சொல்ல, எழுத்து ஒன்று சொல்ல வழியே இல்லை.

பார்க்க லாட்ஜ் சங்கத் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, இரண்டு போன், மூன்று லாட்ஜ்.

“எல்லாம் ஜோரா இருக்கு. இது என்னம்மா மஞ்சளா, ‘தெரியல’ன்னு?”

“சேதி வரலன்னா நமக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி.”

“தெரியலன்னு சொல்லுததுக்கு எதுக்கும்மா ஒரு பக்கம்? அத எங்க வாட்ச்மேனே சொல்லுவானே! சேதி வரலன்னா ‘குளிக்கலாம்’னு போடு. சனம் கெளம்பி வரட்டும்.”

“வந்து பாத்தா தடைன்னா?”

“வந்துட்டாம்லா? ரூம் போட்டுத்தான ஆவணும்!”

அக்கா கையைக் கட்டிக்கொண்டார். “முடியாது அண்ணாச்சி. நான் விட்டாலும் கம்பைலர் விடாது.”

“யாரு அது கம்பைலரு? எந்த ஊர்க்காரரு? செங்கோட்டைல நமக்கு வேண்டிய ஆளுக இருக்காங்க, பேசிருவோம்.”

கம்பைலர் என்றால் ஆளில்லை. நாம் எழுதியதை ஓட விடுவதற்கு முன்னால் மொத்தமாகப் படித்துப் பார்த்து, கோளாறு இருந்தால் மறித்து நிறுத்துகிற புரோகிராம். கேரள எல்லையில் இருக்கும் புளியறை செக்போஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா எழுதும் மொழியில் அந்தச் செக்போஸ்ட்டில் யார் சிபாரிசும் எடுபடாது.

தலைவர் போனபிறகு முதலாளி அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயப்படணும். “இங்க பாரு தாயி. நாளைக்குள்ள அந்த மூணாவத எடு. இல்லன்னா வேற எடம் பாத்துக்க.”

அக்காவுக்கு வேற இடம் என்றால் சுரண்டை வீடுதான். அங்கே இரண்டு அண்ணன்மார், ஒருவர் போலீஸ், ஒருவர் பட்டாளம். வேலை இருக்கிறவரைக்கும்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். பட்டாளத்து மாப்பிள்ளை ஒருவரை ஏற்கெனவே பேசி முடித்தாயிற்று, அக்கா தலையாட்டுவது மட்டும்தான் பாக்கி. டீக்கடையில் அக்கா என்னிடம் சொன்னார்: “வேல போச்சுன்னா வீட்ல ஃபங்ஷன் வச்சிருவாங்கட்டி. அது நான் எழுதுன ஃபங்ஷனா இருக்காது.”

“அப்ப எடுத்திருங்களேன்க்கா. ஒரு வார்த்தைதான?”

“தெரியாதத தெரிஞ்ச மாதிரி காட்டவா நான் இம்புட்டுப் படிச்சேன்? மாட்டேன்.”

மறுநாள் முதலாளி தானே நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ‘தெரியல’ என்ற வரியை அழித்தார். கம்பைலர் நிறுத்தியது. முதல் பக்கத்தில் செய்தி வராவிட்டால் என்ன காட்டுவது என்று மரியாதையாகக் கேட்டது. அதைச் சரிக்கட்டினார். ஐந்தருவிக்கு என்ன செய்வது என்று கேட்டது. அதையும் அடைத்தார். பழைய குற்றாலத்துக்கு? லைட்டின் நிறத்துக்கு? பக்கத்தின் தலைப்புக்கு? ஓரிடத்தை அடைத்தால் இன்னோரிடத்தில் வந்து நின்று அதே கேள்வி. முதலாளியின் காது சிவந்துவிட்டது. “ஏலே,” என்று திரையைப் பார்த்துக் கத்தினார், “நாந்தாம்லே இங்க எம்.டி.!”

கம்பைலர் மசியவில்லை. அக்காவும் மசியவில்லை. முதலாளி போன சீசனின் பழைய பக்கத்தைத் தூசி தட்டி, செய்தி வராவிட்டால் பச்சை என்று வைத்து ஏற்றிவிட்டார். “இது எடுபட்டுட்டா ஒனக்கு இங்க சீட்டு கெடையாது,” என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா வேலைநிறுத்தம் தொடங்கினார். வருவார், உட்காருவார், எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

“கரண்டு பில்லு எங்கம்மா இருக்கு?”

“தெரியல.”

“நாளைக்கு வருவியா மாட்டியா?”

“தெரியல.”

“எம்மேல கோவமா?”

“தெரியல அண்ணாச்சி. சேதி வரல.”

அப்புறம்தான் எண்ணெய் வந்தது.

தலைவருடைய மகளுக்கு அப்போதுதான் மதுரையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். சம்பந்தி குடும்பம் ஒரு வேன் நிறையக் குற்றாலம் வந்து, தலைவர் லாட்ஜிலேயே தங்கியது. போனைப் பார்த்தார்கள்: மெயின் அருவி, பச்சை, குளிக்கலாம். குற்றாலத்துக்கு வந்தவன் சும்மா குளிப்பானா? உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெயைத் தேய்த்து ஊறவைத்து, துண்டைக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு ஆம்பிளைகள் அத்தனை பேரும் வெண்கலச் சிலை மாதிரி பளபளவென்று அருவிக்கு இறங்கினார்கள்.

அருவியில் காலையிலிருந்தே வெள்ளம். தடை. கரையில் நின்ற ஆளின் போனில் சிக்னல் இல்லாததால் செய்தி வரவில்லை. செய்தி வராவிட்டால் பச்சை.

ஐந்தருவிக்காவது போகலாம் என்றால் வேன் டிரைவர் கதவைத் திறக்கவில்லை. “புது சீட் உறை சார். எண்ணெயோட ஏறுனா நான் வண்டிய வித்துட்டுப் போவணும்.” லாட்ஜுக்குத் திரும்பினால் கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி. சாரல் தூறிக்கொண்டிருந்தது. சாரலுக்கு எண்ணெய் போகாது, இன்னும் கொஞ்சம் மினுங்கும், அவ்வளவுதான். கடைவீதி முழுக்க நின்று பார்த்தது. பிடி கிடைக்காது என்று குரங்குகூடப் பக்கத்தில் போகவில்லை.

மத்தியானம் தலைவர் எங்கள் மாடிக்கு வந்தார். பின்னாலேயே சம்பந்தி. ஏறிய படியெல்லாம் வழுக்கியது. உட்காரச் சொன்ன நாற்காலியில் அவருடைய முழு உருவமும் எண்ணெயில் பதிந்தது. இன்றைக்கும் இருக்கிறது, துடைத்தால் போகவில்லை.

“அருவிக்கு இங்க யாருங்க பொறுப்பு?” என்றார் சம்பந்தி.

முதலாளி மேலே மின்விசிறியைப் பார்த்தார். தலைவர் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா எழுந்து சம்பந்தியிடம் வந்தார்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். பச்சைக்குப் பதிலா அதுல ‘தெரியல’ன்னு போட்டிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

“எண்ணெய் பாட்டிலவே தொறந்திருக்க மாட்டேனேம்மா! டீயக் குடிச்சுப்புட்டு, தெரியிற வரைக்கும் ரூம்ல படுத்திருப்பேன்.”

“ரூம் போட்டிருப்பீங்களா?”

“ரூம் போடாம நடுரோட்டுலயா படுக்க முடியும்? இன்னும் ஒரு நாள் கூடத்தான் தங்கியிருப்பேன்.”

தலைவர் முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது. சம்பந்தியின் எண்ணெய் எதிரொளித்ததோ என்னவோ. “ஏம்மா,” என்றார், “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னேன். நீங்க கம்பைலரு எந்த ஊருன்னு கேட்டீங்க.”

சாயங்காலமே அக்காவின் பக்கம் ஏறியது. சம்பந்தி கேட்டுக்கொண்டபடி மஞ்சளுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தோம்: ‘எண்ணெய் தேய்க்க வேண்டாம்.’ முதலாளி அண்ணாச்சி அக்காவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கதவில் கிழிந்துபோயிருந்த தாளை எடுத்துவிட்டு, அதே வாசகத்தைப் பெயின்டரை வைத்து எழுதினார். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகைக்கு வருகிற கூட்டம் இன்னும் நிற்கவில்லை.

பட்டாளத்து மாப்பிள்ளை வேற இடம் பார்த்துக்கொண்டார். அக்கா இந்தக் கதை முழுவதையும் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார். படித்துப் பார்த்த அறிஞர்கள் கணக்கெல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்களாம்: நிலவரம் தெரியாத நேரத்தில் இந்த மக்கள் ஏன் எண்ணெய் பூசுகிறார்கள்? அக்கா அதற்குத் தனியாக இரண்டு பக்கம் எழுதினார். விட்டுப்போன படிப்பை அங்கே வந்து முடிக்கச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

‘தெரியல’ன்னு சொல்ல ஒரு படிப்பா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆமா, அதற்கும் ஒரு படிப்புத்தான். உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் அதைப் பாஸ் பண்ணியிருக்கிறார்கள், எண்ணிப் பாருங்கள்.

பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். “எப்பக்கா வருவீங்க?” என்று கேட்டேன். அக்கா சிரித்துக்கொண்டே ஜன்னல் வழியாக என் தலையில் தட்டினார். பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அருவிப் பக்கத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஊருக்குத் தெரியாமல், என் கம்ப்யூட்டரில் மட்டும் நான்காவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். கம்பைலர் அதற்கும் மூன்று நிலை கேட்டது, கொடுத்தேன்.

இதை அடித்துக்கொண்டிருக்கும்போது திரையில் இருப்பது: ஐந்தருவி, குளிக்கலாம். பழைய குற்றாலம், குளிக்கலாம். மெயின் அருவி, தடை. அக்கா, தெரியல.